அளந்தது யார்?
குத்துச்சண்டைப் பணமுடிப்பும் பங்கீட்டின் வரலாறும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குக் குத்துச்சண்டையை எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்ததும் நம் மன்றத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. உத்திரமேரூரில் பேசுவதற்கு வேறு சங்கதியா இல்லை? பஞ்சமி நிலம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, நூறு நாள் வேலையின் கூலிப் பாக்கி இருக்கிறது. கோடிக்கணக்கில் டாலர் வாங்குகிற குத்துச்சண்டைக்காரர்கள் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டால் நமக்கென்ன? நியாயமான கேள்விதான்.

இன்று யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் குத்துச்சண்டை பற்றிப் பேசி நாம் கேட்டதில்லை. ஆனால் அறுப்புக் கூலி, ஏரி மீன் ஏலம், திருவிழா வரவுசெலவு என்று எந்த வழக்கைக் கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அளந்தது யாருடா?" பங்கு எத்தனை, யாருக்குக் குறைந்தது, யாருக்குக் கூடியது என்பதெல்லாம் அவருக்கு இரண்டாவது. பொலியை அளந்தவன் பெயர் தெரியாமல் பங்கைப் பற்றிப் பேசாதே என்பார். ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய இந்தக் கேள்விதான் நமக்குள் ஒலித்தது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு பெரிய போட்டியில் குத்துச்சண்டை வீரர்களுக்குப் போகிற மொத்தப் பணத்தை 'பர்ஸ்' என்கிறார்கள். நாம் பணமுடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இருவரும் மேடையேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, அந்த முடிப்பில் யாருக்கு எவ்வளவு என்று பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். பேசி முடியாவிட்டால், பட்டம் வழங்குகிற அமைப்பு ஏலம் விடும். போட்டியை நடத்த விரும்புகிறவர்கள் மூடிய உறையில் தொகையை எழுதித் தருவார்கள். அதிகம் எழுதியவருக்குப் போட்டி. பங்கு விகிதத்தை அமைப்பே நிர்ணயிக்கும்.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று. 2022இல் டைசன் ஃபியூரிக்கும் டிலியன் வைட்டுக்கும் நடந்த போட்டிக்கான ஏலம் 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குப் போனது. அதில் பத்து சதவீதம் வெற்றி பெறுகிறவருக்கென்று தனியே எடுத்துவைக்கப்பட்டது. மீதியில் சாம்பியன் ஃபியூரிக்கு 80, சவால் விடுகிற வைட்டுக்கு 20 என்று உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் தீர்மானித்தது. வைட் தரப்பு இதைவிடப் பெரிய பங்கு கேட்டுப் போராடியும் கிடைக்கவில்லை. ஃபியூரிக்கு ஏறக்குறைய 2 கோடியே 95 லட்சம், வைட்டுக்கு 74 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் 23 அன்று லண்டன் வெம்ப்ளியில் ஆறாவது சுற்றில் வைட் விழுந்தார். தனியே எடுத்துவைத்த பத்து சதவீதமும் ஃபியூரிக்குப் போனது. (வைட் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர். ஃபியூரி அயர்லாந்தின் நாடோடிச் சமூகத்திலிருந்து வந்தவர். அந்தச் சமூகமும் அங்கே இழிவைச் சுமப்பதுதான். ஆகவே இந்தக் கதை முழுவதையும் கறுப்பு வெள்ளை என்று இரண்டே நிறத்தில் வாசித்துவிட முடியாது.)

மூடிய உறை என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பானை நினைவுக்கு வந்திருக்கும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்குதல், விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தல். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்து பார்த்துப் போகிறார்கள்.

அந்தக் குடத்தில் யாருடைய பெயரைப் போடலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி செலுத்துகிற கால் வேலிக்கு மேற்பட்ட சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். ஒரு பிரமதேயத்தின் சபை அது. அந்தக் கால் வேலியை உழுதவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஊரின் ஏரியான வைரமேக தடாகத்தைப் பராமரிக்க ஏரி வாரியம் இருந்தது. மண் சுமந்தவருக்கு அதில் இடம் இல்லை. குலுக்கல் நேர்மையாகவே நடந்திருக்கலாம். குடத்துக்குள் போகும் முன்பே தேர்தல் முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அந்தக் கல்வெட்டிலிருந்து எடுத்து மடியில் முடிந்துகொள்வோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. பங்காளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி அது. கணக்கைப் பார்க்காமல் பங்கை ஒத்துக்கொள்ளக் கூடாதென்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி ஜாக் ஜான்சனிடம் வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜான் எல். சல்லிவன் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் சாம்பியனாக இருந்தவரை அதே கோட்டைக் காத்தார். மேடைக்கு மேலே போட்டிருந்த தீண்டாமைக் கோடு அது. தோற்றுவிடுவோம் என்ற பயத்தை அவர்கள் கௌரவம் என்று அழைத்தார்கள். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைப் பார்த்த நமக்கு இந்தச் சொற்பயன்பாடு புதிதல்ல.

டெக்சஸ் மாநிலம் கால்வெஸ்டனில், அடிமையாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த ஜான்சன், அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு இங்கிலாந்து போனார், அங்கிருந்து ஆஸ்திரேலியா போனார். பர்ன்ஸ் கோட்டைத் தாண்டச் சம்மதித்தார், ஒரு விலைக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் தனக்கு 30,000 டாலர் வேண்டும் என்றார். போட்டி நடத்துநர் ஹியூ மெக்கின்டாஷ் ஒத்துக்கொண்டார். ஜான்சனுக்கு 5,000. ஆறுக்கு ஒன்று. அதுவும் போதாதென்று போட்டியின் நடுவராக மெக்கின்டாஷே நின்றார். பணம் போட்டவரும் அவர், டிக்கெட் விற்றவரும் அவர், யார் வென்றார் என்று சொல்லப்போகிறவரும் அவர். பொலியடித்த பண்ணையாரே மரக்காலையும் கையில் வைத்திருந்த கதை.

ஜான்சன் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் பேயில் பதினான்காவது சுற்றில் போலீஸ் உள்ளே புகுந்து சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது; அந்த அளவுக்கு பர்ன்ஸ் அடி வாங்கியிருந்தார். மெக்கின்டாஷ் ஜான்சனின் வெற்றியை அறிவித்தார். வேறு வழி இருக்கவில்லை. உலகப் பட்டத்தை வென்றவருக்குக் கிடைத்தது தோற்றவருக்குக் கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கு.

ஜான்சன் ஏமாந்தாரா? நம் மாணவர்கள் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒருமுறை அவர் பணத்துக்குப் பேரம் பேசவில்லை. அடுத்த பேரத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்காகப் பேசினார். பட்டம் கையில் வந்தபிறகு நடந்ததைப் பாருங்கள்.

வெள்ளையருக்குப் பட்டத்தை மீட்டுத்தர ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரீஸை இழுத்துவந்தார்கள். 1909 டிசம்பரில் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் அந்தப் போட்டிக்கான உறைகள் பிரிக்கப்பட்டன. டெக்ஸ் ரிக்கார்டு என்பவர் 1,01,000 டாலர் எழுதியிருந்தார். அதற்கு முன் கேள்விப்படாத தொகை. அதோடு திரைப்பட உரிமையில் பங்கு. வென்றவருக்கு 75, தோற்றவருக்கு 25 என்று முதலில் பேசி, பிறகு 60க்கு 40 என்று மாற்றினார்கள். சிட்னி ஒப்பந்தத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே பங்கு ஆளைப் பார்த்து எழுதப்பட்டது. வெள்ளையருக்கு இவ்வளவு, கறுப்பருக்கு இவ்வளவு. இங்கே பங்கு முடிவைப் பார்த்து எழுதப்பட்டது. வென்றவர் யாராயிருந்தாலும் அறுபது. பதினெட்டே மாதங்களில் காகிதத்தின் இலக்கணம் மாறியிருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோவில் நடக்க வேண்டிய போட்டியைக் கலிபோர்னியா ஆளுநர் தடை செய்ததால் நெவாடாவின் ரீனோவுக்கு மாற்றினார்கள். 1910 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். இந்த முறையும் நடத்துநரான ரிக்கார்டுதான் நடுவர். பதினைந்தாவது சுற்றில் ஜெஃப்ரீஸ் வீழ்ந்தார். ஜான்சனுக்கு 60,600 டாலர்.

அன்றிரவே பல நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். ஒருவர் மேடையில் ஜெயித்ததற்குத் தெருவில் இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். மாட்டுவண்டிக்குப் பதில் மோட்டார் சைக்கிள் வாங்கிய பையனுக்கு நம் பக்கத்து ஊர்களில் என்ன நடந்தது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, அந்தப் போட்டியின் படச்சுருளைத் திரையிட ஊர் ஊராகத் தடை போட்டார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையே தடை செய்து அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அது 1940 வரை இருந்தது. உண்மையான பணம் திரையில்தான் இருந்தது. பங்கைக் குறைக்க முடியாதபோது பொலியையே எரித்துவிட்டார்கள்.

பிறகு ஜான்சன்மேல் வழக்கு, தண்டனை, நாட்டைவிட்டு ஓட்டம். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். அந்தச் செய்தி நியூயார்க் பத்திரிகைகளில் வந்த நாளில் நம்முடைய அம்பேத்கர் அதே நகரத்தில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். இருபத்து நான்காவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தன. அவர் அந்தச் செய்தியை வாசித்தாரா என்பதல்ல நமக்கு முக்கியம். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த துறைதான் முக்கியம்: பொருளாதாரம், பொதுநிதி. 1925இல் அச்சான 'பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம்' என்ற அவருடைய நூல் எதைப் பற்றியது? மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாயை யார், எந்த அடிப்படையில், எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பற்றியது. பங்கீடு அவருக்கு மேடைப்பேச்சு அல்ல, கல்வித்துறை. நம் மாணவர்கள் 'சாதி ஒழிப்பு' நூலோடு நின்றுவிடாமல் அந்தப் பக்கமும் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சோர்வூட்டும் அட்டவணைகள் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான்சனுக்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் ஹெவிவெயிட் பட்டத்துக்கு எந்தக் கறுப்பரையும் மோத விடவில்லை. ஹாரி வில்ஸ் என்ற வீரர் வாசலில் நின்று நின்றே வயதாகிப் போனார். அந்த நேரத்தில் முடிப்பு மட்டும் பருத்துக்கொண்டே போனது. 1921இல் டெம்ப்சியும் கார்ப்பான்டியரும் மோதியபோது வாயில் வசூல் முதல்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டி 17,89,238 ஆனது. டெம்ப்சிக்கு மூன்று லட்சம், கார்ப்பான்டியருக்கு இரண்டு லட்சம். நடத்துநர், அதே டெக்ஸ் ரிக்கார்டு.

1937இல் ஜோ லூயிஸுக்காகக் கதவு திறந்தது. திறந்த விதம்தான் இன்றைய பேச்சுக்கு நடுநாயகம். சாம்பியன் ஜேம்ஸ் பிராடக், ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கோடு மோதுவதாக முன்பே ஒப்பந்தம் இருந்தது. பிராடக்கின் மேலாளர் ஜோ கோல்டு அதை விட்டுவிட்டு லூயிஸை ஏற்க ஒரு நிபந்தனை வைத்தார். லூயிஸ் ஜெயித்தால், அவருடைய நடத்துநரான மைக் ஜேக்கப்ஸ் அடுத்த பத்தாண்டுகள் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் அடையும் லாபத்தில் பத்து சதவீதம் பிராடக் தரப்புக்கு வர வேண்டும். ஜேக்கப்ஸ் சம்மதித்தார். ஜூன் 22 அன்று சிகாகோவில் எட்டாவது சுற்றில் லூயிஸ் பிராடக்கை வீழ்த்தினார். அடுத்த பத்தாண்டுகளில் லூயிஸ் மேடையேறிய ஒவ்வொரு பட்டப் போட்டியிலும், அவரிடம் ஒருமுறை தோற்ற ஒருவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்தபோது செங்கற்பட்டுக் களத்துமேடுகள் கண்முன் வந்தன. நாம் நிற்கிற இந்த மண் பழைய செங்கற்பட்டு மாவட்டம். அதற்கும் முன்பு கம்பெனியின் ஜாகீர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் விளைச்சலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியல் அதில் உண்டு. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று பொலியிலிருந்து முதலில் எடுத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் மேல்வாரம், குடிவாரம் என்று அரசும் குடியும் பிரித்துக்கொள்வார்கள். மிராசுதாருக்குத் தனியாகச் சில வரவுகள் உண்டு. 1818இல் மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் துரை எழுதிய அறிக்கையும் இதையெல்லாம் பேசுகிறது. இப்படிப் பொலியிலிருந்து எடுக்கிற உரிமைப் பங்குக்கு அன்றைய கணக்கில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம். ஆகஸ்ட் 15க்கு நாம் பயன்படுத்துகிற அதே சொல்.

மிராசுதார் உழவில்லை, அறுக்கவில்லை. எப்போதோ ஒருகாலத்தில் அவருக்கு உரிமை எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் அந்த நிலத்தில் யார் வியர்வை சிந்தினாலும் ஒரு பங்கு அவருக்கு. பிராடக்கின் பத்து சதவீதம் பத்தாண்டு மிராசு. படியாளின் நிலை வேறு. அவருக்குப் பொலியில் பங்கு என்பதைவிட, அளந்து போடுகிற படி உண்டு. அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று எண்ண மாட்டார், 'லாபம்' என்பார். லாபம், இரண்டு, மூன்று. யாருடைய லாபம் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்பார்.

1891இல் இந்த மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதியதும், 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்ததும், பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுவதும் இந்தப் படியைப் பங்காக மாற்றுவதற்கான முயற்சிதான். காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது அதற்காகத்தான். அந்த வரலாற்றைத் தனியே பேச வேண்டும். இந்த மேடையில் பலமுறை பேசியும் இருக்கிறோம்.

லூயிஸுக்குத் திரும்புவோம். அவருடைய மேலாளர்கள் இருவரும் கறுப்பர்கள். வெள்ளையரை வீழ்த்திய பிறகு சிரிக்காதே, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே என்று ஜான்சனின் கதியை நினைத்து அவருக்கு ஒழுக்க விதி வகுத்தார்கள். லூயிஸ் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். 1942 ஜனவரியில் நடந்த போட்டியின் வருவாயைக் கடற்படை நிவாரண நிதிக்கும், மார்ச் மாதப் போட்டியின் வருவாயைத் தரைப்படை நிதிக்கும் கொடுத்தார். அந்த ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையில் கறுப்பர்களுக்கு இருந்த வேலை பெரும்பாலும் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது. போர் முடிந்தபின் வருமானவரித் துறை வந்தது. தானமாகப் போன பணமும் அவருடைய வருமானம்தான் என்றது. வட்டியோடு கடன் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. ஓய்வு பெற்றிருந்த மனிதர் வரி கட்டுவதற்காக மறுபடி மேடையேறி மார்சியானோவிடம் அடிவாங்கினார். கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி வாசலில் வருகிறவர்களுக்குக் கைகொடுக்கிற வேலை. அரசுக்குத் தான் உண்மையானவன் என்று நிரூபிக்கப் பங்கு முழுவதையும் கொடுத்தவரிடம் அரசு இன்னும் பாக்கி கேட்டது.

இந்தப் பாடத்தை ஓரளவு படித்துக்கொண்டு வந்தவர் முகமது அலி. 1960இல் ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த பதினெட்டு வயதுப் பையனை லூயிவில் நகரத்தின் பதினொரு வெள்ளைப் பணக்காரர்கள் சேர்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். வருமானத்தில் பாதிக்குப் பாதி. செலவெல்லாம் அவர்களுடைய பாதியிலிருந்து. வருமானத்தில் ஒரு பகுதி அவருடைய எதிர்காலத்துக்கென்று வைப்பில் போகும். அந்தக் காலத்துக் குத்துச்சண்டை ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல ஒப்பந்தம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல பண்ணையார்களும் இருந்தார்கள்தானே.

1964இல் சன்னி லிஸ்டனோடு மோதியபோது லிஸ்டனுக்கு 40 சதவீதம், அலிக்கு 22.5. எல்லோரும் அந்த எண்களைப் பார்த்தார்கள். பிறகு செனட் விசாரணையில் வேறொன்று வெளிவந்தது: லிஸ்டனுக்குப் பங்கிருந்த நடத்துநர் நிறுவனம், அலி ஜெயித்தால் அவருடைய அடுத்த போட்டியை நடத்தும் உரிமையை 50,000 டாலருக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அதாவது ஜெயித்தாலும் கயிறு அவர்கள் கையில். 1932 செப்டம்பர் 24 நமக்கு நினைவுக்கு வராமல் போகாது. வகுப்புத் தீர்ப்பு நமக்குத் தந்த மாகாணச் சபை இடங்கள் 71. பூனா ஒப்பந்தம் அதை 148 ஆக்கியது. சென்னை மாகாணத்தில் 18 என்பது 30 ஆனது. எண்ணிக்கை இரண்டு மடங்கு. ஆனால் அந்த இடத்தில் உட்காரப்போகிறவரை இறுதியாகத் தேர்ந்தெடுக்கிற கை நம்முடையதாக இல்லாமல் போனது. சதவீதத்தைக் கூட்டித் தருகிறவர் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எதை எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்.

1966 ஜனவரியில் அலி ஒரு வேலை செய்தார். தன் போட்டிகளைத் திரையரங்குகளுக்கு நேரடி ஒளிபரப்பும் உரிமையைக் கையாள 'மெயின் பவுட்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் பெரும்பான்மைப் பங்கு கறுப்பர்களுடையது. பணம் இருந்த இடம் அந்த ஒளிபரப்புதான். அடுத்த மாதமே வியட்நாம் போர் பற்றி அலி சொன்ன வார்த்தை வெடித்தது. சிகாகோவில் நடக்கவிருந்த போட்டியை அங்கே நடத்த முடியாமல் செய்தார்கள். நகரம் நகரமாக விரட்டப்பட்டு, கடைசியில் மார்ச் 29 அன்று எல்லை தாண்டிக் கனடாவின் டொரான்டோவில், வேறோர் எதிராளியோடு நடந்தது. திரையரங்குகள் பல பின்வாங்கின. காரணம் தேசபக்தி என்று எழுதினார்கள். தேசபக்தியும் இருந்திருக்கும். ஆனால் பங்கு கேட்கிறவனாக இருந்தவரை அலியைச் சகித்தவர்களுக்கு, அளக்கிறவனாக மாறிய அலியைச் சகிக்க முடியவில்லை என்பது நம் வாசிப்பு. மறு ஆண்டு உரிமமும் பட்டமும் பறிக்கப்பட்டன.

மூன்றரை ஆண்டு கழித்துத் திரும்பிவந்தபோது முடிப்பு வானத்துக்கு ஏறியிருந்தது. 1971இல் ஃப்ரேசியரோடு, ஆளுக்கு 25 லட்சம் டாலர். 1974இல் ஜயர் நாட்டின் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு, ஆளுக்கு 50 லட்சம். சரிபாதி. இரண்டு கறுப்பர்கள், கறுப்பரான நடத்துநர் டான் கிங், ஆப்பிரிக்க மண். கேட்கவே இனிக்கிறது. அந்தப் பணத்துக்குப் பின்னால் நின்றவர் மொபுட்டு என்ற சர்வாதிகாரி. அந்த மக்களின் செம்பும் வைரமும்தான் அரசின் கஜானா. இந்தச் சரிபாதியைக் கொண்டாடும்போது பொலி எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட முடியாது.

1980 அக்டோபரில் உடல் தளர்ந்த அலியை லாரி ஹோம்ஸோடு மோதவிட்டவரும் டான் கிங்தான். பேசிய தொகை 80 லட்சம் டாலர். அதில் பத்து லட்சத்துக்கு மேல் குறைத்துத் தந்தார் என்று அலியே வழக்குத் தொடர்ந்தார். பிறகு 50,000 டாலர் ரொக்கத்துக்கு அந்த வழக்கு கைவிடப்பட்டது. தன் நிறத்தவரே நடத்துநரானால் கணக்குச் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது கசப்பான பக்கம். நமக்கும்தான். நம் சேரியிலிருந்து கிளம்பிக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் யார் என்று நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே 1980இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வரவேற்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்காலம் கையுறை மாட்டிய வடசென்னைக்காரர்களுக்கு அது திருவிழா. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து நின்று மோதிய அந்த மனிதர்களின் மானத்தை 2021இல் பா. ரஞ்சித் படமாக்கினார். மானம் திரையில் வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு சண்டைக்கு எவ்வளவு கிடைத்தது, வாயில் வசூலை யார் எண்ணினார் என்பது இன்னும் எழுதப்படவில்லை. சமூகவியல் படிக்கிற மாணவர் யாராவது ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் போய் வயதானவர்களிடம் கேட்டு எழுதினால் இந்த மன்றம் அச்சிடக் காத்திருக்கிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு மே மாதம் அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. வீரருக்குச் சதவீதத்தைக் கூட்டித் தரவில்லை அந்தச் சட்டம். ஒரு போட்டியிலிருந்து நடத்துநருக்கு எவ்வளவு வருகிறது என்பதை வீரருக்குச் சொல்ல வேண்டும் என்றது. வீரருக்காகப் பேசுகிற மேலாளருக்கு நடத்துநரின் தொழிலில் பங்கு இருக்கக் கூடாது என்றது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் கணக்கு விதி இப்போதுதான் அடிவாங்குகிறவர் பக்கம் வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை.

2023 மார்ச்சில் ஃபியூரி, உக்ரைனின் உசிக்கிடம் 70க்கு 30 என்றார். உசிக்கிடம் அப்போது மூன்று பட்டங்கள் இருந்தன. எல்லோரும் மறுப்பார் என்று நினைத்தபோது அவர் முப்பதையே ஒத்துக்கொண்டார். உக்ரைன் மக்களுக்கு ஃபியூரி பத்து லட்சம் பவுண்டு நன்கொடை தர வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். சதவீதம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் மறுபோட்டியின் நிபந்தனைகளில் பேச்சு முறிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ரியாத்தில் மோதியபோது உசிக் ஜெயித்தார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறவர்கள். மாதச் சம்பளம் ஒப்பந்ததாரர் வழியாக வருகிறது. ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று நிறுவனம் அவருக்குத் தருகிற தொகை என்ன, அதில் சீருடை, பஸ், கேன்டீன், பி.எஃப். என்று பிடித்தது போக மீதி என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், முதன்மை முதலாளியின் ஆள் முன்னிலையில்தான் ஒப்பந்ததாரர் கூலி தர வேண்டும் என்று எழுதியது. அளக்கும்போது இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கண்ணை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

போன மாதம் நம் மன்றத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் தங்கள் ஒப்பந்ததாரரிடம் போனார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவில்லை. "எங்க ஒவ்வொருத்தர் பேர்லயும் கம்பெனி எவ்வளவுண்ணே தருது? அந்தப் பேப்பரைக் காட்டுங்க" என்று கேட்டார்கள். அவர் நம் சாதிக்காரர்தான். "உன் சம்பளம் வந்துச்சா இல்லையா தம்பி? அது உனக்கெதுக்கு?" என்றார். இவர்கள் நகரவில்லை. கடைசியில் திங்கட்கிழமை வரச் சொன்னார். இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. மூன்றாவது திங்களும் போகப்போகிறார்கள். ஐந்து பேராகப் போவதைவிட ஐம்பது பேராகப் போனால் நல்லது. பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்கு நிற்போம்.